நோன்பில்லாத மரியம்

மரியத்துக்கு இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல். "ஆமா."

பசிக்கிறதா என்று கேட்டால் ஆமா. பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. ஃபேனைக் கூட்டவா என்று அவள் கணவர் அகமது கேட்கும்போது, 'குளிருது மனுசா, முதல்ல அத நிறுத்து' என்ற வாக்கியம் மூக்கும் முழியுமாக மனசுக்குள் எழுந்து வரும். நாக்கில் ஏறும்போது பார்த்தால் ஆமா. அவரும் பாவம், ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுப் போவார். சரி, தலையையாவது ஆட்டலாம் என்றால் அதுவும் அதே கட்சி. பக்கவாட்டில் ஆட்ட நினைத்தால் மேலும் கீழும் ஆடும். "புத்திக்கு ஒண்ணும் ஆகல, சொல் எடுக்கிற இடத்துலதான் அடி" என்று டாக்டர் சொன்னார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது கையால் எழுத்துப் பலகையில் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். தண்ணிக்கு 'த'வைத் தேடிப்போன விரல் 'ம'வில் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றது. கொஞ்ச நாள் முயன்று பார்த்துவிட்டு ஒருநாள் அந்தப் பலகையைத் தூக்கி எறிந்தாள். நோய் வந்த பிறகு அவள் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

இந்தக் கதி வேறு யாருக்காவது வந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அகமது துணிக்கடை எது என்று கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள். வாயாடி அக்கா கடை எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள். "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுக்கா, மாமியாருக்கு வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லியே இரண்டு சேலை விற்கிற வாய் அது. போன தீபாவளி வியாபார நேரத்தில், ஒரு கையால் துணியைக் கிழித்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் சாய்ந்தாள். மீதி வாக்கியம் இன்றுவரை வரவில்லை.

ஐம்பத்தைந்து வயதில் வீல்சேரில் உட்கார்ந்திருக்கிற அவளுக்குச் சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம் இருந்தது. சொத்து விவகாரம் இல்லை, நகை ஒளித்துவைத்த இடமும் இல்லை. அவளுடைய பழைய சிநேகிதி குமுதாவிடம் சொல்லவேண்டிய ஒரு சின்ன விஷயம். எங்கே ஓடிப்போகப் போகிறாள், அடுத்த பெருநாளுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டாள். ஊரில் உள்ள எல்லாப் பேச்சையும் பேசித் தீர்த்த வாய், இந்த ஒன்றை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மூடிக்கொண்டது.

விஷயம் இதுதான்.

பள்ளிக்கூட நாட்களில் மரியம் சாப்ட்பால் ஆடினாள். பேஸ்பாலின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து கொஞ்சம் பெரிசு, மைதானம் கொஞ்சம் சின்னது, பந்து வீசுகிற பிட்சர் கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவாள். பிரிக்பீல்ட்ஸ் பெண்கள் அணிக்குக் குமுதாதான் பிட்சர், கேப்டனும் அவளே. மரியம் கேட்ச்சர். மட்டை பிடித்து நிற்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, குமுதா வீசுவதையெல்லாம் பிடிக்கவேண்டியவள். எண்பத்தாறாம் வருஷம் மே மாதம் அந்த அணி யாரும் எதிர்பாராமல் இறுதி ஆட்டம் வரை போய்விட்டது. எதிரில் ரவாங் அணி. ஷா ஆலம் மைதானம். ஆட்டத்தன்று கொட்டு கொட்டென்று மழை கொட்டி, ஆட்டத்தை மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்கள். அன்று இரவு டிவியில் அறிவிப்பு வந்தது: நாளை முதல் நோன்பு.

மறுநாள் காலை பயிற்சியாளர் விஜயன் சார் கையைப் பிசைந்தார். நோன்பு வைத்திருக்கிற பிள்ளையை மே மாத வெயிலில் முகமூடியும் கவசமும் மாட்டிக் குந்த வைப்பதா, மாற்று ஆளை இறக்கலாமா என்றார். குமுதா ஒற்றைக் காலில் நின்றாள். "மரி உக்காரலன்னா நான் வீசமாட்டேன் சார்."

மரி உட்கார்ந்தாள். கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் மூன்றுக்கு இரண்டு என்று பிரிக்பீல்ட்ஸ்தான் முன்னால் இருந்தது. இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் கோப்பை. ரவாங் பெண் ஓங்கி அடித்தாள், ஒருத்தி ஓடி வந்து ரன் எடுத்ததும் ஆட்டம் சமன் ஆகிவிட்டது. அவள் பின்னாலேயே இன்னொருத்தி, மரியம் காக்கிற ஹோம் பேஸை நோக்கி ஓடி வந்தாள். குமுதா பந்தை வாங்கி மரியத்தின் நெஞ்சுக்கு நேராக எறிந்தாள். அதைவிட நல்ல எறி கிடையாது. மரியம் பிடித்தாள். ஓடி வந்தவளைத் தொட்டாள். தொட்டாலும் பந்து கையில் நின்றால்தான் அவுட்; தொட்ட கையிலிருந்து பந்து நழுவிப் புழுதியில் உருண்டது. நாலுக்கு மூன்று. கோப்பை ரவாங்குக்குப் போயிற்று.

மரியம் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். விஜயன் சார் ஓடி வந்து, "பாவம்மா, பச்சத் தண்ணி பல்லுல படாம ஆடின புள்ள, கை நடுங்கிருச்சு" என்றார். எல்லோரும் அதையே சொன்னார்கள். அது அப்படியே கதையாகி நின்றுவிட்டது. கோப்பையை விட்டாலும் நோன்பை விடாத பெண் என்ற பெயர் பிரிக்பீல்ட்ஸ் பள்ளிவாசல் வரைக்கும் போய், அங்கிருந்து கிள்ளான் வந்து, அகமதுவின் தாயார் காதில் விழுந்து, சம்பந்தமும் ஆயிற்று. பெருமை பேசிப் பேசியே அகமது முப்பது நோன்பு மாதங்களை ஓட்டிவிட்டார்.

அன்றைக்கு மரியம் நோன்பே வைத்திருக்கவில்லை.

விடியலுக்கு முன் சஹர் உணவை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள், நோன்பு வைப்பதாக நிய்யத்தும் வைத்தாள். விடிந்ததும் பார்த்தால் மாதவிடாய். அந்த நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. பிறகு ஒரு நாள் களா வைத்து ஈடுகட்டிக்கொள்ளலாம். இதில் பாவமும் இல்லை, பரிகாரமும் இல்லை. ஆனால் பதினாறு வயதுப் பெண் இதைப் போய் யாரிடம் சொல்வாள்? வாப்பாவிடமா, விஜயன் சாரிடமா? நோன்பு இல்லாத நாளில் வீட்டு ஆண்கள் கண்ணில் படாமல் அடுப்படியில் ஒதுங்கித் தின்பதுதான் வழக்கம். அவளும் அப்படித்தான் செய்தாள். மைதானக் கழிப்பறைக் குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். பையில் ஒளித்து எடுத்துப்போன, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பில் நாலைந்தை உள்ளே தள்ளினாள். அணியிலேயே அன்று வயிறு நிறைந்திருந்தவள் அவள்தான்.

பந்து நழுவியதற்குக் காரணம் பசியும் இல்லை, தாகமும் இல்லை. ஓடி வந்தவளைத் தொட்டவுடனே, கையை மூடுவதற்கு முன்னால், "ஜெயிச்சிட்டோம் குமுதா!" என்று கத்தத் திரும்பினாள். அவசரக் குடுக்கை. அவ்வளவுதான் கதை.

இதில் குமுதாவுக்கு என்ன என்று கேட்கலாம். மரியமும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பெருநாளைக்குப் பெருநாள் பண்டமாரானிலிருந்து முறுக்கு டப்பாவோடு வருவாள் குமுதா. வாசலிலேயே, "உன்ன பட்டினி போட்டு ஆட வச்ச பாவி வந்திருக்கேன்" என்பாள். மரியம் சிரிப்பாள். உண்மையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தால் ஹாலில் அகமது இருப்பார், அவர் தம்பிமார் இருப்பார்கள். ஒருமுறை காரில் இரண்டு பேரும் தனியாகப் போகும்போது, "குமுதா, அன்னிக்கி என்ன ஆச்சு தெரியுமா" என்று தொடங்கியும் விட்டாள். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன். பிறகு பேச்சு சேலைப் பக்கம் போய்விட்டது.

இந்த வருஷப் பெருநாளுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கிற ஓப்பன் ஹவுஸுக்குக் குமுதா வந்தபோது கூடவே ஒரு செய்தியும் வந்தது. அடுத்த வாரம் மெல்பர்ன் போகிறாளாம். அங்கே இருக்கிற மகள் மாதவி, இனிமேல் அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். பண்டமாரான் வீட்டுக்கு வாடகைக்கு ஆளும் வந்தாயிற்று. மரியத்தின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேன்னுதான் சொல்றேன் மரி, ஆனா எங்க வரப்போறேன்" என்றாள் குமுதா.

'இன்னிக்கி சொல்லியாகணும்' என்று மரியத்தின் மனசு அடித்துக்கொண்டது. வாய் "ஆமா" என்றது.

ஹாலில் பிரியாணியும் தால்ச்சாவும் ரெண்டாங்கும் மணத்தன. அந்த நேரத்தில் வந்து சேர்ந்தாள் மெய்யம்மை. அதே அணியில் மூன்றாம் பேஸில் நின்றவள். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, தன் பக்கம் வந்த பந்தை அவள் விட்டதாகச் சரித்திரமே இல்லை, கேட்டால் அவளே சொல்வாள். கூடவே மகன் கார்த்திகேயன், கையில் லேப்டாப். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பேஸ்பால் பைத்தியம்.

"ஆன்டி, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் லா" என்றான் மரியத்திடம். டிவியில் எதையோ சொருகினான். அமெரிக்காவில் பழைய பேஸ்பால் இறுதி ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஆடவிட்டுப் பார்ப்பார்களாம். ஒவ்வொரு ஆட்டக்காரரும் அந்த வருஷம் முழுக்க எப்படி ஆடினார் என்ற கணக்கைக் கொடுத்துவிட்டால் போதும், அதுவே வீசும், அதுவே அடிக்கும், அதுவே ஓடும். விஜயன் சார் எழுதிவைத்த ஸ்கோர் தாள்கள் மெய்யம்மை வீட்டு அட்டைப்பெட்டியில் கிடந்திருக்கின்றன. அதையெல்லாம் ஏற்றி, எண்பத்தாறு இறுதி ஆட்டத்தை மறுபடி நடத்தப்போகிறானாம்.

"அலாமாக், தோத்தத திரும்ப வேற பாக்கணுமா?" என்றாள் குமுதா.

"யார் சொன்னா தோப்பீங்கன்னு? இருங்க ஆன்டி."

டிவியில் பச்சை மைதானம் விரிந்தது. ஆட்டக்காரிகள் எல்லாம் வண்ணப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டின் தலைமேலும் பேர். ஒரு இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் வர்ணனை சொன்னது. மெய்யம்மை என்ற பேரைக் கடித்துத் துப்பியது. மரியத்தின் மகள் நாஜியா வீல்சேரை டிவிக்கு நேராகத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தாள்.

முதல் இன்னிங்ஸில் குமுதாவின் பொட்டு வரிசையாக மூன்று பேரை மட்டையில் பந்து படாமலே வீட்டுக்கு அனுப்பியது. "பாத்தீங்களா என் கைய!" என்று குமுதாவே கத்தினாள். மூன்றாவதில் மெய்யம்மை ஓடிப்போய் இரண்டாம் பேஸில் நின்றாள். அடுத்து மட்டை பிடித்தது மரியம். பந்து இடது மூலைக்குப் பறந்து வேலியில் மோதியது. மெய்யம்மை உள்ளே வந்தாள். நான்காவதில் ரவாங் பொட்டு ஒன்று பேஸ் திருட, அதாவது யாரும் அடிக்காமலே அடுத்த பேஸைப் பிடிக்க ஓடியது. மரியம் குந்திய இடத்திலிருந்து எழுந்து எறிந்தாள். அவுட். ஐந்தாவதில் இன்னொருத்தி ஓடினாள், அவளும் அவுட். ஆறாவதில் மரியம் இன்னொரு அடி அடித்து இன்னொரு ரன் கொண்டுவந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, மரியத்துக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. அந்த நீலப் பொட்டு எழுந்து எறியும்போதெல்லாம் விழுந்துபோன தோள் உள்ளுக்குள் துடித்தது. அந்தச் சீசன் முழுக்க அவள் அப்படித்தான் ஆடினாள், கணக்கு பொய் சொல்லவில்லை. எத்தனை மாதமாயிற்று ஓடி! எத்தனை மாதமாயிற்று யாராவது அவளைப் பார்த்து வாய் பிளந்து! "ஆமா! ஆமா!" என்று கத்தினாள். அந்தச் சொல்லுக்கு வராமல் வந்த ஒரு சரியான இடம்.

கடைசி இன்னிங்ஸில் ஆட்டம் எப்படியோ சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. இரண்டு அவுட். ஒருத்தி ஹோம் பேஸை நோக்கி ஓடி வருகிறாள். குமுதாவின் பொட்டிலிருந்து வெள்ளைக் கோடு ஒன்று மரியத்தின் பொட்டுக்குப் பாய்ந்தது. இரண்டு பொட்டுகளும் ஒட்டின. அவுட். பிரிக்பீல்ட்ஸ் வெற்றி. ஆட்ட நாயகி மரியம்.

வீடே எழுந்து கைதட்டியது. அகமது கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெய்யம்மை, "நானும் ஒரு ரன் எடுத்தேன், யாரும் சொல்லல பாரு" என்றாள். குமுதா மரியத்தைக் கட்டிக்கொண்டாள். அதோடு டிவியை அணைத்திருந்தால் எல்லோரும் பலகாரம் தின்றுவிட்டு நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"இருங்க, இன்னொண்ணு இருக்கு" என்றான் கார்த்திகேயன். படித்த பிள்ளைக்கு ஒன்றோடு நிறுத்தத் தெரிகிறதா? "இப்ப பாத்தது நோன்பு வைக்காத மரியம் ஆன்டி. இப்ப நோன்பு வச்ச மரியம் ஆன்டிய போடறேன். தண்ணி இல்லாம, வெயில்ல, எவ்வளவு ஸ்பீட் குறையும்னு படிச்சு செட் பண்ணியிருக்கேன்."

மறுபடி ஆட்டம் ஓடியது. இந்த மரியம் மெதுவாக எழுந்தாள், எறிந்தது எட்டவில்லை, மட்டை காற்றில் சுழன்றது. ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மேல் பந்துகள் அவள் கையிலிருந்து நழுவத் தொடங்கின. தோல்வி. ஒவ்வொன்றையும் ஆயிரம் தடவை ஓடவிட்டுப் பார்த்தானாம். நோன்பு இல்லாவிட்டால் பெரும்பாலும் வெற்றி, நோன்பு இருந்தால் பெரும்பாலும் தோல்வி. "ஸோ, தோத்ததுக்குக் காரணம் அதான். டேட்டா சொல்லுது" என்று லேப்டாப்பைத் தட்டினான்.

'உன் டேட்டாவுல இடி விழ' என்று மரியத்தின் மனசு கூவியது. அவன் போட்டுக் காட்டிய இரண்டு மரியங்களில் எவளும் அன்றைக்கு ஷா ஆலத்தில் இல்லை. அங்கே இருந்தவள் நோன்பு வைக்காமலே தோற்ற மரியம், வயிறு நிறைந்த மரியம். அவள்தான் பந்தை விட்டாள். இதைக் கண்டுபிடிக்க ஆயிரம் தடவை ஓடவிட வேண்டாம், ஒரு தடவை அவளிடம் கேட்டிருந்தால் போதும், அவளுக்கு வாய் இருந்தபோது.

அகமது நெஞ்சை நிமிர்த்தினார். "கோப்பை போனா போவுது. நோன்ப விடல என் பொஞ்சாதி."

"நோன்ப யாருண்ணே குத்தம் சொன்னா?" என்றாள் மெய்யம்மை, பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்கி விஜயன் சார் வேற ஆள போடறேன்னுதான் சொன்னாரு. கேக்கணும்ல."

யாரும் குமுதாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே பார்த்த மாதிரி இருந்தது.

குமுதா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து வீல்சேர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முட்டி வலிக்காரி, உட்கார நேரமாயிற்று. "அவ சொல்றது சரிதான் மரி" என்றாள். "உங்கிட்ட ஒண்ணு சொன்னதில்ல. அந்த மேட்சுக்கு அப்புறம் நான் பந்தத் தொடல. அடுத்த மாசமே மாநில டீமுக்குக் கூப்பிட்டாங்க. போகல."

மரியத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாநில அணியா? வீட்டில் விடவில்லை என்றல்லவா இவள் அப்போது சொன்னாள்!

"வீட்டுல விடலன்னு உங்கிட்ட புளுகினேன். பட்டினி கிடந்த புள்ளைய வெயில்ல குந்த வச்சு, நாலு பேர் முன்னால தலகுனிய வச்சவளுக்கு மாநிலம் ஒரு கேடான்னு இருந்துச்சு. வருசா வருசம் வந்து சிரிச்சுகிட்டே பாவி பாவின்னு சொல்வேன்ல, அது சிரிப்பு இல்ல மரி." குமுதா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் இனி வரமாட்டேன். மனசுல இருக்கறத சொல்லிடு. எம்மேல உனக்குக் கோவமா?"

கோபமா! நான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு நீ அல்லவா என்னை அடிக்கவேண்டும்! மரியம் பல்லைக் கடித்தாள். இல்லை என்ற அந்த ஒரு சொல்லை உடம்பில் எங்கெங்கோ தேடி, அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். வந்தது.

"ஆமா."

"அய்யய்யோ, அவ எல்லாத்துக்கும் அதான் சொல்லுவா!" என்று அகமது பதறினார். "நீ மனசுல வச்சுக்காதம்மா!"

"தெரியும்ண்ணே, தெரியாமலா" என்று குமுதா சிரித்தாள். உதடு சிரித்தது. முகத்தின் மற்ற பகுதியெல்லாம் அந்தச் சொல்லை வாங்கி வைத்துக்கொண்டதை மரியம் பார்த்தாள். தெரிந்தே வாங்கிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்ததே அந்தச் சொல்தானோ என்னவோ.

விடக்கூடாது. மரியம் இடது கையைத் தூக்கினாள். முதலில் டிவியைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினாள். அன்னிக்கி, நான், குடிச்சேன்.

"தண்ணி கேக்குறாங்க" என்று யாரோ சொன்னார்கள். நாஜியா ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். மரியம் தள்ளினாள். சிராப் வந்தது, அதையும் தள்ளினாள். "தே கேப்பா, எனக்குத் தெரியாதா" என்று அகமது டீ போட அடுப்படிக்குள் ஓடினார். மறுபடி டிவி, நெஞ்சு, வாய். மறுபடி கிளாஸ். உதவி செய்கிறவர்கள் சுற்றி நின்று கழுத்தை நெரித்தார்கள்.

பலகார மேசையில் கறிபாப் இருந்தது கண்ணில் பட்டது. வீல்சேரில் சாய்ந்து எட்டி ஒன்றைப் பறித்தாள். குமுதாவின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். டிவியைக் காட்டினாள், தன்னைக் காட்டினாள். இதைவிட எப்படிச் சொல்வது? எல்லோரும் பார்க்க அதை வாய்க்குள் திணித்து ஒரு கடி கடித்தாள். பாரு குமுதா, அன்னிக்கி இத தின்னேன், பாரு!

"பசியா இருந்திருக்கு பாவம்!" என்று மெய்யம்மை கைதட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

குமுதா சிரிக்கவில்லை. மரியத்தின் விரல்களிலிருந்து மீதிக் கறிபாப்பை மெல்ல வாங்கினாள். சின்னதாகப் பிட்டு, உருளைக்கிழங்கு சிந்தாமல், கோணிப்போன வாயின் நல்ல பக்கமாகப் பார்த்து ஊட்டினாள். "அன்னிக்கி என்னால பட்டினி கிடந்தே. இன்னிக்கி என் கையால தின்னுட்டுப் போ மரி" என்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. மரியத்துக்கும் ஓடியது. இரண்டு பேரும் அழுவதைப் பார்த்து ஹாலில் இருந்த பெண்களெல்லாம் அழுதார்கள், நாற்பது வருஷ நட்பென்றால் இதுவல்லவா நட்பு என்று. மரியம் மென்றாள். மெல்லாமல் துப்பவும் முடியாது. ஊட்டுகிறவள் குமுதா.

கடைசித் துண்டும் முடிந்த பிறகு குமுதா அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனாள். மெய்யம்மையின் காரில்தான் போனாள்.

மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்கு முன்னால் அகமது பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். நாஜியா வீல்சேரை அடுப்படிக்குத் தள்ளிவந்து, பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவினாள். மரியத்தின் இடது கைக்கு எட்டும் தூரத்தில் ஃபிரிட்ஜ் இருந்தது.

அந்த ஃபிரிட்ஜ் கதவுக்கு ஒரு பாஷை உண்டு. நாஜியா பெரியவளான வருஷத்திலிருந்து உள்ளது. நோன்பு மாதத்தில் அவளுக்கு 'லீவு' வந்தால், வாப்பா கடைக்குக் கிளம்பியதும் உம்மா ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு தட்டு தட்டுவாள். ஆள் இல்லை, வந்து தின்னு என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் லீவு வந்துவிட்டால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று ஒரே தட்டில் மீ கோரெங் தின்று சிரிப்பார்கள்.

மரியம் ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.

நாஜியா திரும்பிப் பார்த்தாள். மரியம் மறுபடி தட்டினாள். விரலை நீட்டி ஹாலில் இருந்த டிவியைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். மறுபடி இரண்டு தட்டு.

நாஜியா குழாயை மூடினாள். ஈரக் கையோடு வந்து உம்மாவின் முன்னால் குந்தினாள். தண்ணீர், சிராப், கறிபாப் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து சேர்வது தெரிந்தது.

"உம்மா... அந்த மேட்ச் அன்னிக்கி... உங்களுக்கு லீவா?"

மரியத்தின் உடம்பு முழுக்க அந்தச் சொல் பொங்கியது. ஆறு மாதமாக அவளை ஏமாற்றிக்கொண்டே இருந்த சொல், இப்போதுதான் அதற்கான இடம் வந்தது. "ஆமா!" என்றாள். "ஆமா! ஆமா!"

"யா அல்லாஹ்! அப்ப குமுதா ஆன்டி..." நாஜியா போனை எடுத்தாள். குமுதாவின் பேரைத் தேடி அழுத்தினாள். ஒரு மணி அடித்தது. இரண்டாவது மணி அடிக்கும்போது அவள் கை தயங்கியது. வாப்பா இத்தனை வருஷமாகத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிற கதை. தப்பாகச் சொல்லிவிட்டால்? போனைக் காதிலிருந்து இறக்கி, உம்மாவின் கண்ணைப் பார்த்து, குழந்தையிடம் கேட்பதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க உம்மா. அன்னிக்கி நீங்க நோன்பு வச்சிருந்தீங்களா?"

இல்லை. இல்லை. இல்லை.

"ஆமா" என்றாள் மரியம்.

போனுக்குள் குமுதாவின் குரல் கேட்டது. "ஹலோ? நாஜியாவா? என்னம்மா, மரிக்கு ஏதும்...?"

"ஒண்ணுமில்ல ஆன்டி. வீடு போய்ச் சேந்துட்டீங்களான்னு கேக்கத்தான்" என்றாள் நாஜியா.

பேசி முடித்துப் போனைக் கவிழ்த்து வைத்தாள். மரியம் ஃபிரிட்ஜ் கதவை இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே இருந்தாள். நாஜியா அந்தக் கையை மெதுவாகப் பிடித்து மடியில் வைத்துவிட்டு, உம்மாவின் வாயோரத்தில் ஒட்டியிருந்த கறிபாப் துணுக்கைத் துடைத்துவிட்டாள்.